மாப்பிள்ளையின் நிரந்தர முகவரி

"கத்தார்ல வரியே கிடையாதேம்மா! இல்லாத வரிக்கு எங்கிட்டுப் போயிக் கணக்கு எழுதுறது?" என்று சீனி முகம்மது சிரித்த சிரிப்பில், கையிலிருந்த டீ கைலியில் சிந்தியது.

மகள் லாமியா சிரிக்கவில்லை. விசா ஆபீஸிலிருந்து வந்த மெயிலை மறுபடி படித்தாள். "மூணு வருசத்து அமெரிக்க வரிக் கணக்கு வேணுமாம் வாப்பா. புருசன் கணக்குக் காட்டினாத்தான் பொண்டாட்டிக்கு விசாவாம்."

எல்லாம் மாப்பிள்ளை ஸுஹைர் பிறந்த இடத்தால் வந்த வினை. அவருடைய வாப்பா கொஞ்ச காலம் நியூஜெர்சியில் வேலை பார்த்தபோது அங்கே பிறந்துவிட்டார். நடை பழகுமுன் கீழக்கரைக்கு வந்து, வளர்ந்து, படித்து, தோஹாவில் வேலைக்குப் போய், லாமியாவை நிக்காஹ் செய்தது வரை அந்த அமெரிக்கக் குடியுரிமையால் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. இப்போது தோஹா கம்பெனியை மூடப் போகிறார்கள். ஹூஸ்டனில் ஒரு வேலை பேசி வைத்திருக்கிறார். மனைவியையும் கூட்டிக்கொண்டு போக ஆசை. கல்யாணமானதிலிருந்து வருஷத்துக்கு ஒரு லீவில் மட்டும் மனைவி முகம் பார்க்கிற மனிதர், பாவம், வேறென்ன கேட்பார்?

சீனி முகம்மதுவுக்கும் அதே ஆசைதான். அதே ஆசைதான் என்று ஒவ்வொரு தொழுகைக்குப் பிறகும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கீழக்கரையில் பெண்கள் புருஷன் வீட்டுக்குப் போவதில்லை, மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். அந்த நம்பிக்கையில்தான் மகள் பெயரில் மாடி வைத்து வீடு கட்டினார். மனைவி நூர் நிஷா மவுத்தான பிறகு அந்தப் பெரிய வீட்டில் அவரும் மகளும் மட்டும்தான். அவளும் போய்விட்டால் என்று நினைத்தாலே வீடு இன்னும் பெரிதாகத் தெரிந்தது. ஆனாலும், புள்ள புருஷனோடு வாழட்டும் என்பதில் அவர் மாறவில்லை.

"அப்ப என்ன எழுத வாப்பா?"

"உள்ளதை எழுது. எங்க ஊர்ல மூணு தலைமுறையா அரபு நாட்டுல சம்பாதிக்கிறோம், ஒருத்தரும் கணக்குக் காட்டினதில்லன்னு எழுது."

லாமியா பி.காம். படித்தவள். அவர் சொன்னதை ஒரு சொல் விடாமல் ஆங்கிலத்தில் அடித்து அனுப்பினாள்.

பதில் வந்தது. அமெரிக்கக் குடிமகன் எந்த நாட்டில் இருந்தாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும், வரி உண்டா இல்லையா என்பது அதற்கப்புறம். மூன்று தலைமுறையைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

ஸுஹைர் போனில் வந்தார். "மாமா, இங்க கம்பெனி மூடுற வேலையில மூச்சுவிட நேரமில்ல. நீங்களும் லாமியாவும் பாத்து எழுதுங்க, நான் கையெழுத்துப் போட்டுர்றேன்."

"நீங்க கவலப்படாதீங்க மாப்பிள்ளை, நான் இருக்கேன்ல," என்றார் சீனி முகம்மது. வம்பு அங்கேதான் ஆரம்பித்தது.

விட்டுப்போன வருஷங்களுக்கும் சேர்த்துக் கணக்குத் தாக்கலானது. வெளிநாட்டுச் சம்பளத்துக்கு அமெரிக்காவில் ஒரு கழிவு உண்டாம். கழித்துப் பார்த்தால் வருமானம் பூஜ்யம். சீனி முகம்மது பள்ளிவாசல் வரை போய் அந்தப் பூஜ்யத்தைப் பெருமையாகச் சொல்லிவிட்டு வந்தார். விசா ஆபீஸ் அதைப் படித்துவிட்டு, வருமானமே இல்லாதவர் மனைவிக்கு எப்படிச் சோறு போடுவார் என்று கேட்டது.

"ஏலே, யாரு வீட்டு மாப்பிள்ளையைப் பாத்து என்ன கேக்குறே?" என்று லேப்டாப்பைப் பார்த்துக் கத்தினார்.

"சம்பளச் சான்றிதழ் அனுப்பிருவோம் வாப்பா. மச்சான் பொறுப்புல வீட்டாளுக எத்தனை பேருன்னும் கேக்குறாங்க."

"ரெண்டு பேருன்னு எழுதினா ஊரு சிரிக்கும். மாப்பிள்ளை, நீ, நான், சமையலுக்கு வர்ற இருளம்மா..."

"என்னையும் போடுங்க மொதலாளி, நானும் அமெரிக்கா பாத்ததில்ல," என்று அடுப்படியிலிருந்து இருளம்மாள் குரல் கொடுத்தாள்.

"வெள்ளிக்கிழமை சாப்பிட வர்ற சபியா மாமி, மாமி மக, பேரப்புள்ளைக. ஒம்பது பேரு வரும்."

"எல்லாரையும் போடவா வாப்பா?"

"போடு. மாப்பிள்ளைக்குக் கௌரவமா இருக்கும்."

போட்டாள். ஒன்பது பேரைக் காப்பாற்ற இந்தச் சம்பளம் போதாது என்று பதில் வந்தது. தவறிவிட்டது, இரண்டே பேர்தான் என்று எழுதினால், மீதி ஏழு பேர் என்ன ஆனார்கள் என்று கேட்டார்கள். சபியா மாமி அவருடைய சொந்த வீட்டில் நல்ல பசியோடு நலமாக இருக்கிறார் என்று சீனி முகம்மது விளக்கம் சொல்ல, லாமியா அதையும் அடித்தாள்.

இதற்கிடையே அவர் இன்னொரு காரியமும் பார்த்தார். கண்ணில் பிரஷர் என்று டாக்டர் கொடுத்த சொட்டு மருந்தைக் காலையும் மாலையும் லாமியாதான் விடுவாள். அவள் போன பிறகும் தான் சமாளிப்பதைக் காட்ட வேண்டுமே என்று இருளம்மாளைக் கூப்பிட்டுப் பழகினார். முதல் சொட்டு மூக்கில் விழுந்தது, அடுத்தது காதுக்குள் போனது.

"பாத்தியாம்மா? ஜோராப் போகுது," என்றார், கன்னத்தைத் துடைத்துக்கொண்டே.

லாமியா மருந்தை வாங்கித் தானே விட்டுவிட்டு உள்ளே போனாள். போகும்போது அவள் கண்ணும் கலங்கியிருந்தது. புருஷனை நினைத்து அழுகிறாள் என்று இவர் மனசு கிடந்து அடித்துக்கொண்டது.

அடுத்த மெயிலுக்கு அவர் முந்திக்கொண்டார். "மாப்பிள்ளையோட நிரந்தர வீடு எதுன்னு கேக்குறாங்க," என்று லாமியா சொன்னதுதான் தாமதம்.

"இதுதான்! மாப்பிள்ளைக்குப் பொண்டாட்டி வீட்ட விட்டா ஏது வீடு? வாசலைப் போட்டோ எடுத்து அனுப்பு. நல்லா மேல வரைக்கும் தெரியணும்."

போட்டோவில் வீடு நன்றாகத்தான் விழுந்திருந்தது. நிரந்தரமாகக் கீழக்கரையில் இருக்கப் போகிறவர் மனைவியை அமெரிக்காவுக்கு அழைப்பது ஏன் என்று விசா ஆபீஸ் கேட்டது. அவர் முதலில் அமெரிக்காவில் குடியிருந்து, அங்கே சம்பாதித்து, அந்தக் கணக்கைக் காட்டட்டும் என்று சொல்லிவிட்டது.

ஸுஹைர் ஊருக்கு வந்து கொஞ்ச நாள் இருந்துவிட்டுத் தனியாக ஹூஸ்டனுக்குப் புறப்பட்டார். தோஹா என்றால் காலையில் ஏறினால் ராத்திரிச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருக்கலாம். இது பூமியின் அந்தப் பக்கம். வாசலில் மாமனார் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்க மேல வருத்தமில்ல மாமா," என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். சீனி முகம்மதுவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

இனி வாயைத் திறப்பதில்லை என்று முடிவெடுத்தார். அந்த வருஷம் முடிந்து, ஹூஸ்டன் சம்பளத்துக்குக் கணக்குத் தாக்கல் செய்யும் நேரம் வந்தது.

"வாப்பா, கல்யாணமானவரா தனியாளான்னு கேட்டிருக்காங்க. எதைப் போட?"

"என்னைக் கேக்காதம்மா. நான் சொன்னா வெளங்காது."

"நீங்க சொன்னாத்தான் வாப்பா எனக்கு நிம்மதி."

மகள் இப்படிக் கேட்டால் எந்தத் தகப்பன் சும்மா இருப்பான்? "அங்கன ஒத்தையா ஆக்கித் தின்னுக்கிட்டுத்தானே கெடக்காரு? உள்ளதைப் போடு. தனியாள்."

போட்டாள். ஸுஹைர் வழக்கம்போல் படிக்காமலே கையெழுத்திட்டார். தனியாள் என்று வரிக் கணக்கில் சொல்லியிருக்கிறாரே, அப்படியானால் கீழக்கரையில் மனைவி என்று சொல்லிக்கொள்ளும் இந்தப் பெண் யார் என்று கேட்டு மெயில் வந்தது.

சீனி முகம்மது தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். "உன் வாழ்க்கையை நான்தாம்மா கெடுத்துட்டேன். உங்க உம்மா இருந்திருந்தா என்னை இந்தப் பக்கமே விட்டிருக்க மாட்டா. நாளைக்கே சென்னைக்குப் போயி நல்ல வக்கீலாப் பாப்போம்."

"வக்கீல்லாம் வேணாம் வாப்பா. திருத்தி அனுப்பினாச் சரியாப் போயிரும். கொஞ்ச நாளாகும், அவ்வளவுதான். அழாதீங்க." அவருடைய தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டு லாமியா கடைத்தெருவுக்குக் கிளம்பினாள்.

அவர் அழுகையை நிறுத்தவில்லை. மகள் எதிரே வெட்கப்பட்டு மிச்சம் வைத்ததையும் சேர்த்து அழுதார். இந்தப் பிள்ளை ஒரு தடவையாவது முகம் சுளித்திருக்கிறாளா? இத்தனை கெடுத்தும் தன்னைக் கேட்டுக் கேட்டுத்தானே ஒவ்வொரு வரியும் எழுதினாள்?

வாசலில் யாரோ ஸலாம் சொன்னார்கள். புதுமடத்து ஹாஃபிஸா, காலேஜில் லாமியாவுக்கு ஜூனியர், அவளை லாத்தா, லாத்தா என்று சொந்த அக்காவாகவே நினைப்பவள். கையில் ஒரு டப்பா நிறையத் தொதல் அல்வா. சீனி முகம்மது அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"எனக்கு அமெரிக்கா விசா வந்திருச்சு மாமா! அடுத்த வாரம் மச்சான்கிட்டப் போறேன். அதான் லாத்தாவுக்குத் தொதல் கொண்டாந்தேன்."

"அல்ஹம்துலில்லாஹ்!" மனசார மகிழ்ந்துபோனார். இவளாவது தப்பித்தாளே என்று இருந்தது. "யாரும்மா எழுதிக் குடுத்தா? மெட்ராஸ் வக்கீலா? பேரைச் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஹாஃபிஸா ஆச்சரியமாக அவரைப் பார்த்தாள்.

"வக்கீலா? நம்ம லாமியா லாத்தாதான் மாமா! கணக்குல கல்யாணமானவர்னு போடணும், வீட்டாளு ரெண்டே பேருன்னு எழுதணும், அட்ரஸ் கேட்டா அமெரிக்கா அட்ரஸ்தான் குடுக்கணும், புதுமடம்னு மறந்தும் சொல்லிரக் கூடாதுன்னு ரெண்டு வருசத்துக்கு முன்னயே உக்காந்து எழுதிக் குடுத்தாங்க, விசா ஆபீஸ்ல ஒரு கேள்விகூடக் கேக்கல!"