லாபம், ரெண்டு, மூணு

அக்ரஹாரம், மைசூரு
சனிக்கிழமை

சிரஞ்சீவி மேதாவுக்கு அப்பா சாம்பு அநேக ஆசீர்வாதத்துடன் எழுதுவது. இங்கே இருவரும் சுகம், என் வலது கால் கட்டைவிரல் நீங்கலாக. ஹைதராபாதில் உன் சுகத்துக்கும், நீ பார்த்தேயிராத ஒரோஹா பாஷைக்காரர்களின் சுகத்துக்கும் சாமுண்டீஸ்வரியை வேண்டுகிறோம்.

உன் ஆராய்ச்சிக்காக, சாலமன் தீவுகளில் அவர்கள் எண்ணும் சொற்களைப் பட்டியல் போட்டுவிட்டாய். பட்டியலில் இருப்பதுதான் வேலை மும்முரத்தில் வாயில் வருமா என்பது உன் சந்தேகம். அதற்கு ஒப்பிட, அரிசி அளக்கும்போது அம்மா 'ஒன்று' என்பதற்குப் பதில் மங்களமாக 'லாபம்' என்று ஆரம்பிப்பாளே, அந்தப் பதிவு திங்களுக்குள் வேண்டும், இல்லையேல் அத்தியாயமே போச்சு என்றாய். "கேட்டா பாடம் ஒப்பிப்பா, தெரியாம எடுப்பா" என்றாய். முப்பத்துநாலு வருஷம் கூட்ஸ் வண்டி எண்ணினவன், இது என்ன பிரமாதம்னு இறங்கினேன். செவ்வாய்க்கிழமை பருப்பு டின்னுக்குப் பின்னாடி போனை ஒளிச்சு வெச்சேன். அம்மா பாத்துட்டா. "மேதா கேக்கப்போறாளா?"ன்னு பட்டுப்புடவை கட்டிண்டு வந்து ஒன், டூ, த்ரீன்னு அளந்தா, கான்வென்ட் குழந்தை தோத்தது போ! விடுவேனா? புதன்கிழமை, அவ மறுபடி அளக்கட்டும்னு, டின்னிலே அளந்து வெச்ச அரிசியைத் திரும்ப மூட்டையிலே கொட்டிட்டு, போனோட கதவுக்குப் பின்னாடி நின்னேன். டின் காலியா இருக்கவும் அரிசி திருடு போச்சுன்னு அம்மா அலற, மாடிவீட்டு உமாதேவி "கள்ளா, கள்ளா!"ன்னு கன்னடத்துலே கத்திண்டு ஓடிவர, நான் வெளியிலே வர, அம்மா கையிலிருந்த இரும்புப்படி நேரா என் கட்டைவிரல்லே. வியாழக்கிழமையிலேர்ந்து அரிசி பாக்கெட்லதான் வர்றது. எதை அளக்கறது?

ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன்: நம் வீட்டில் லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. அத்தியாயத்தை அடித்துவிடு. நான் ஆயுசில் எதையும் ஒன்றிலிருந்துதான் எண்ணியிருக்கிறேன்.

அப்பளக் கட்டுகளை இன்றைய ரயிலில் உன் அண்ணா சுதர்ஷன் கொண்டுவருகிறான். வேளைக்குச் சாப்பிட்டு, நீண்ட ஆயுளோடு இரு.

அப்பா

பி.கு. அடிச்சுடாதே! நான் அப்பளத்தைப் பெட்டியிலே அடுக்கறச்சே அம்மா எனக்குத் தெரியாம போனை வெச்சிருக்கா. இப்போ போட்டுக் காட்டினா. "லாபம், ரெண்டு, மூணு"ன்னு பன்னெண்டு வரைக்கும் சுத்தமா, என் குரல். மானம் போச்சு. "தனியா இருக்கற பொண்ணுக்கு அனுப்பறச்சே வெறும் ஒண்ணுன்னு வாய் வருமா?"ங்கறா. உன் போனுக்கு அனுப்பியாச்சு. ஏழுக்கும் எட்டுக்கும் நடுவுலே மூக்கை உறிஞ்சற சத்தம் கேக்கும். அது ஜலதோஷம்னு அடிக்குறிப்பு போட்டுடு.