மூக்கணாங்கயிறும் ஒரு மொழிபெயர்ப்பும்

இன்றைக்கு வாசல் கேட்டைத் தொட்டே தீருவது என்று முடிவு செய்தேன். எவரெஸ்ட் ஏறுகிறவன்கூட இவ்வளவு யோசித்திருக்க மாட்டான். நுரையீரல் கெட்டுப்போய் வீட்டோடு ஆக்சிஜன் மெஷினில் இருக்கிறேன். மூக்கில் ட்யூப். அது முடிகிற இடத்தில் என் உலகமும் முடிகிறது. கல்யாணத்தன்று எனக்கு மூக்கணாங்கயிறு போட்டாச்சு என்று கேலி செய்தார்கள். இப்போது நிஜமாகவே போட்டிருக்கிறது.

நடக்கத் தடை போட்டவர் டாக்டர். அத்திப்பள்ளிக்காரர். வாயைத் திறந்தால் கன்னடம். நான் சிங்காரப்பேட்டைக்காரன். ஓசூர் ஃபேக்டரியில் இத்தனை வருஷம் குப்பை கொட்டியும் சாப்பாடு ஆச்சா என்கிற 'ஊட்டா ஆயித்தா'வைத் தாண்டவில்லை. என் மனைவி எஸ்லின் அந்தப் பக்கத்துப் பெண். டாக்டர் போனில் விலாவாரியாகப் பேசுவதை இவள் ஒரே வரியில் தமிழாக்குவாள்.

"என்னடி சொன்னாரு?"

"கட்டிலை விட்டு எறங்கக் கூடாதாம்."

"அவ்ளோ நேரம் பேசினாரே?"

"அதையேதான் திருப்பித் திருப்பிச் சொன்னாரு."

கூடாது என்றால் எனக்கு உடம்பெல்லாம் அரிக்கும். அவள் ஜெபக் கூட்டத்துக்குக் கிளம்பியதும் எழுந்துவிடுவேன். நடையா அது? நாலடி, நிற்க, மூச்சு வாங்க, மறுபடி நாலடி. சீ, என்ன பிழைப்பு, படுத்தே கிடக்கலாம் என்று அலுத்துப்போகும். உடனே அவளுடைய 'கூடாதாம்' காதில் விழும். வீம்புக்கு இன்னும் நாலடி வைப்பேன். ட்யூபும் போகப் போக வந்துகொண்டே இருந்தது. கடைக்காரன் அளவு தெரியாமல் நீளமாகக் கொடுத்துவிட்டானாம். இவளுக்கு அதை மாற்றிவரத் துப்பில்லை. ஜெபக் கூட்டமும் தினம் தினம் நடந்தது. எல்லாம் கர்த்தரின் கிருபை என்று நினைத்துக்கொண்டேன்.

இன்றைக்குத் தொட்டேவிட்டேன். கேட்டுக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு பாஸ்கரன் பைக் துடைத்துக்கொண்டிருந்தான்.

"என்னண்ணா, வாசலுக்கே வந்துட்டீங்க?"

"எஸ்லின்கிட்ட மூச்சு விட்றாதே."

மூச்சு விடவே மெஷின் வைத்திருக்கிறவன் சொல்கிற பேச்சா இது. அந்த நேரம் பார்த்து, எஸ்லின் மறந்துவிட்டுப் போன போன் என் சட்டைப்பையில் அடித்தது. டாக்டர். பாஸ்கரனுக்குக் கன்னடம் தண்ணீர் பட்ட பாடு. வாங்கி ஸ்பீக்கரில் போட்டான்.

"யஜமான்ரு கேட் தனக பந்த்ரா?"

யஜமான் என்பது மட்டும் புரிந்தது. எங்கள் வீட்டில் அந்தப் பதவி எஸ்லினுடையதாயிற்றே என்று விழித்தேன். டாக்டர் மேலும் ஏதோ பேச, பாஸ்கரன் கேட்டுச் சொன்னான்.

"உங்களைத்தாண்ணா. கேட் வரைக்கும் வந்துட்டீங்களான்னு கேக்கறாரு. தெனமும் நடக்க வைங்கன்னு அக்காகிட்ட சொல்லியிருந்தாராம். படுத்தே கெடந்தா காலு போயிடுமாம். அப்புறம் மெஷின் இருந்தும் பிரயோஜனமில்லையாம்."

எஸ்லின் வந்தாள். சர்ச் பக்கமிருந்து இல்லை. பாஸ்கரன் வீட்டு ஜன்னல் பக்கமிருந்து. பாஸ்கரன் ஈரத்துணியைப் பிழிய ஆரம்பித்தான்.

"டாக்டரு ஒண்ணு சொன்னா நீ வேற ஒண்ணு சொல்லுவியா?"

"நடங்கன்னு சொல்லியிருந்தா நடந்திருப்பீங்களா?"

கேட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன்.

"அந்த ஜன்னல்ல நின்னுட்டு, விழுந்துடக் கூடாது ஆண்டவரேன்னு பாத்துட்டே இருப்பேன். அதாங்க என் ஜெபக் கூட்டம். உங்க காலு போயிட்டா நான் என்ன பண்ணுவேன்?"

அவள் கண் கலங்கியிருந்தது. ஆனாலும் மானம் என்று ஒன்று இருக்கிறதே. உள்ளே வந்து நாற்காலியில் உட்கார்ந்தேன்.

"இனிமே இதை விட்டு எழுந்தா என் பேரு மைக்கேல்ராஜ் இல்ல."

"சரிங்க. டாக்டரு இன்னொண்ணும் சொன்னாரு. அது இனிமே உங்களுக்கு எதுக்கு?"

சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

"என்ன சொன்னாரு?"

நாற்காலி நுனிக்கு நகர்ந்தேன்.

"ஏய், என்னடி சொன்னாரு?"

பொறுக்க முடியவில்லை. எழுந்து, ட்யூபை இழுத்துக்கொண்டு, ஒவ்வோர் அறையாகத் தேடிப் போனேன். மாடிப்படியில் மூன்றாவது படியில் உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கு இடம் விட்டு வைத்திருந்தாள்.