இங்கே குளிக்கத் தடை

இருபதாவது கல்யாண நாளைக் கடற்கரையில் கொண்டாடுவது என்று என் மனைவி முடிவு செய்தாள். முடிவு செய்த பிறகு என்னிடம் யோசனை கேட்டாள். எங்கள் வீட்டில் அதுதான் நடைமுறை.

நாங்கள் இருக்கும் நகரத்துக்கும் கடலுக்கும் ஒட்டும் கிடையாது, உறவும் கிடையாது. எந்தத் திசையில் வண்டியை விட்டாலும் நான்கு மணி நேரமாவது ஓட்டினால்தான் கடல் கண்ணில் படும். அந்த நான்கு மணி நேரத்தை நம்பித்தான் நான் இத்தனை வருஷம் மானத்தோடு வாழ்ந்துகொண்டிருந்தேன்.

காரணத்தை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு நீந்தத் தெரியாது. தெரியாது என்பதோடு போயிருந்தால் பரவாயில்லை. தெரியும் என்று சொல்லியிருக்கிறேன்.

நான் லிப்ட் பழுது பார்ப்பவன். என் மனைவி நீதிமன்றத்தில் சுருக்கெழுத்தாளர். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் நீதிமன்றக் கட்டடத்து லிப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்றுவிட்டது. உள்ளே அவள் மட்டும். வெளியே நான், ஸ்பேனரோடு. கதவு ஒரு விரல் அகலத்துக்குத்தான் திறந்திருந்தது. அவள் மூச்சு வாங்குவது கேட்டது. இந்த மாதிரி சமயத்தில் உள்ளே இருப்பவரிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எங்களுக்குப் பயிற்சியில் சொல்லியிருக்கிறார்கள். என்ன பேசுவது என்று சொல்லவில்லை. வாயில் வந்ததைப் பேசினேன். சின்ன வயதில் கடலில் அரை மைல் நீந்திப்போய் ஒரு பாறையைத் தொட்டுவிட்டுத் திரும்பியதாகச் சொன்னேன். நடுக்கடலில் கை ஓய்ந்தபோதுகூட நான் பதறவில்லை, நீங்களும் பதறாதீர்கள் என்றேன். நாற்பது நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. அவள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல யாருக்கு மனசு வரும்?

கல்யாணத்துக்குப் பிறகு கதை வளர்ந்தது. விருந்தாளிகள் வந்தால் அவளே எடுத்துக் கொடுப்பாள். அரை மைல் ஒரு மைலானது. நாலாவது வருஷம் ஒரு சுறா வந்து சேர்ந்தது. பத்தாவது வருஷம் பார்த்தால் அந்தச் சுறாவுக்கு ஒரு கண் இல்லை. குத்தியது நான்தான்.

ஆகவே கடற்கரைக்குப் போகாமல் இருக்க நான் எதையும் செய்திருப்பேன். ஆனாலும் மறுக்க முடியாது. மறுத்தால் ஏன் என்பாள். கேள்வி கேட்பதைத் தினமும் நீதிமன்றத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறவள் அவள்.

மறுநாள் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறைக்குள் உட்கார்ந்து போனில் தேடினேன். வண்டியில் போய்வரும் தூரத்தில் மூன்று கடற்கரைகள் இருந்தன. ஒன்று வெள்ளை மணல். குழந்தைகூட இறங்கலாம், அவ்வளவு சாதுவான அலை. இன்னொன்று, ஆறு கடலில் சேரும் கழிமுகம், அங்கேயும் குளிக்கலாம். மூன்றாவது பாறைக்கரை. ஐந்தரை மணி நேர ஓட்டம். அங்கே கடலில் இறங்கக் கூடாது, மீறினால் தண்டனை உண்டு என்று போட்டிருந்தது. அந்த வரியைப் படித்ததும் என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கு அந்த அளவு தண்ணீர் போதும்.

பாறைக்கரைக்குப் போகலாம் என்று நான் வாய் திறந்து சொல்லக் கூடாது. நான் முதலில் சொல்கிற எதுவும் எங்கள் வீட்டில் ஜெயித்ததில்லை. சுவருக்கு நீல வண்ணம் என்றேன், மஞ்சள் வந்தது. அதனால் திட்டத்தைத் திருப்பிப் போட்டேன். வெள்ளை மணலை வானளாவப் புகழ்வது. அவள் வேண்டாம் என்பாள். கழிமுகத்தை அரை மனசோடு புகழ்வது. அதையும் வேண்டாம் என்பாள். பாறைக்கரையைத் திட்டித் தீர்ப்பது. அவள் அதைப் பிடித்துக்கொள்வாள்.

சாப்பாட்டு மேஜையில் ஆரம்பித்தேன். வெள்ளை மணலின் மணலைப் பற்றி மட்டும் கால் மணி நேரம் பேசியிருப்பேன். அவள் துணி மடித்துக்கொண்டே கேட்டாள்.

"நீங்க நீந்தறதுக்கு வசதியா இருக்குமா?"

"நீந்தறதா? மிதந்துக்கிட்டே தூங்கலாம்."

"அப்ப அங்கேயே போலாம்," என்றாள்.

என் கையில் இருந்த ரொட்டி தண்ணீர் டம்ளருக்குள் விழுந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாக நான் சொன்ன பேச்சு எடுபடுகிறது. அதுவும் எப்போது பாருங்கள்.

இனி வெளியாள் துணை இல்லாமல் முடியாது என்று மாடியேறி, மேல்வீட்டுக் கப்பல்காரரிடம் போனேன். அவர் சரக்குக் கப்பலில் சமையல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். கடலைப் பற்றி அவர் சொன்னால் என் மனைவிக்கு அதற்கு மேல் பேச்சில்லை. வெள்ளை மணலும் கழிமுகமும் சரியில்லை, பாறைக்கரைதான் நல்லது என்று பேச்சோடு பேச்சாக அவளிடம் சொல்ல முடியுமா என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. நல்ல மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். கடலைப் பற்றிப் பொய் சொல்ல நாக்கு கூசுகிறது என்று மட்டும் சொன்னார். கொஞ்ச நேரம் கூசிவிட்டு, எங்கள் கட்டடத்து லிப்ட் அவருடைய மாடியில் நான்கு விரல் கீழேயே நிற்பதையும், அதில் தன் கால் கட்டைவிரல் தினமும் இடிபடுவதையும் நினைவுபடுத்தினார்.

ஊரில் இருக்கிற லிப்டையெல்லாம் சரிசெய்கிற நான், எங்கள் லிப்டை மட்டும் ஆறு மாதமாகத் தொடவில்லை. சம்பளமில்லாத வேலைக்கு யார் இறங்குவார்கள்? அந்த ஞாயிற்றுக்கிழமை இறங்கினேன். காலை முழுவதும் கிரீஸில் முங்கி எழுந்தேன். லிப்ட் தரையோடு தரையாக நின்றது. கப்பல்காரர் நான்கு தடவை ஏறி இறங்கிப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார்.

சாயங்காலம் அவர் எங்கள் வீட்டுக்கு டீ குடிக்க வந்தார். வெள்ளை மணலில் இந்த மாதத்தில் ஜெல்லி மீன் ஒதுங்கும், உடம்பில் பட்டால் மூன்று நாள் அரிக்கும் என்றார். கழிமுகத்தில் முழங்கால் வரை சேறு என்றார். பாறைக்கரைதான் காற்றுக்கும் கண்ணுக்கும் நல்லது, பாறை மேலேயே ஒரு ஓட்டல் இருக்கிறது என்று முடித்தார். என் மனைவி சாட்சி சொல்வதைக் குறிப்பெடுக்கிற முகத்தோடு கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் போனதும் என் பக்கம் திரும்பினாள்.

"பாறைக்கரையில கடல்ல இறங்க விடமாட்டாங்களாமே. உங்களுக்கு ஏமாத்தமா இருக்குமே."

நான் ஜன்னல் வழியாகத் தூரத்தைப் பார்த்தேன். தியாகம் செய்கிறவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள்.

"பரவால்ல. உனக்காக."

"எனக்காகவா?"

"உனக்காகத்தான்."

"சரி, எனக்காகன்னா போலாம்," என்றாள். நான் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டு, சத்தமில்லாமல் ஒரு ஆட்டம் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை விடியற்காலையில் கிளம்பினோம். வழியெல்லாம் நான் பாடிக்கொண்டு ஓட்டினேன். மதியத்துக்குள் போய்ச் சேர்ந்தோம். கடல் பாறைகளில் மோதி ஆள் உயரத்துக்கு எழும்பிக்கொண்டிருந்தது. அதற்கு முன்னால், இரண்டு இரும்புக் கால்களில், சிவப்புப் பலகை. 'இங்கே குளிக்கத் தடை.' உலகத்தில் இவ்வளவு அழகான கையெழுத்தை நான் பார்த்ததில்லை.

பலகைக்குப் பக்கத்தில் கழுத்தில் விசிலோடு ஒரு காவலாளி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். எனக்குத் தைரியம் பொங்கியது. மனைவி பார்க்கும்படி நின்றுகொண்டு, ஒரே ஒரு தடவை இறங்கிவிட்டு வருகிறேன் என்று அவரிடம் கேட்டேன். முடியாது என்றார். சட்டைப் பொத்தான் இரண்டைக் கழற்றினேன். எனக்கு இதெல்லாம் பழக்கம்தான், அதோ அந்தப் பாறையைத் தொட்டுவிட்டுப் பத்தே நிமிஷத்தில் வந்துவிடுவேன் என்றேன். அவர் விசிலை வாயில் வைத்தார். மூன்றாவது பொத்தானையும் கழற்றிவிட்டுக் கெஞ்சினேன். நீச்சல் தெரிந்தவன் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்குத் தெரியாது என்றேன். குரல்கூடக் கொஞ்சம் தழுதழுத்தது.

காவலாளிக்கு மனசு இளகிவிட்டது. அதுதான் வினை.

"இவ்வளவு ஆசைப்படறீங்க. ஓட்டலுக்குப் பின்னாடி கடல் தண்ணியிலயே குளம் கட்டி விட்டிருக்காங்க சார். அங்க எவ்வளவு நேரம் வேணா நீந்தலாம்," என்றார்.

நான் மெதுவாகப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தேன்.

"ஆமாங்க," என்றாள் என் மனைவி. "நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு. பேர் கொடுத்தாச்சு."

அன்று எனக்குத் தலைவலி வந்தது. பிறகு வயிற்றுவலி வந்தது. அவள் இரண்டுக்கும் மாத்திரை கொண்டுவந்திருந்தாள்.

காலையில் குளத்துக்குப் போனபோது ஆழமில்லாத பக்கத்தில் ஐந்து பிள்ளைகள் வரிசையாக நின்றிருந்தார்கள். மூத்தவளுக்கு எட்டு வயது இருக்கும். பயிற்சி கொடுக்கும் அம்மா கையில் ஒரு தாளை வைத்துக்கொண்டு பேர் படித்தாள். முதல் முறையாகத் தண்ணீரில் இறங்குகிறவர்கள் என்று சொல்லி ஐந்து பேரைப் படித்தாள். ஆறாவதாக என் பேரைப் படித்தாள். கூடவே வயதையும் படித்தாள். பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள்.

நான் என் மனைவியைத் தேடினேன். அவள் குளத்தின் ஆழமான கோடியில், நீச்சல் உடையும் தொப்பியுமாக நின்றிருந்தாள். நான் கத்துவதற்கு வாயெடுப்பதற்குள் குதித்துவிட்டாள். அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடி வரை, தலையை ஒருபக்கமாகத் திருப்பித் திருப்பி மூச்சு வாங்கிக்கொண்டு, அவசரமே இல்லாமல் நீந்தி வந்து என் காலடியில் சுவரைப் பிடித்தாள்.

எப்போது கற்றுக்கொண்டாய் என்று கேட்டேன். ஒரு வருஷமாக என்றாள். மூட்டுவலிக்கு டாக்டர் சொன்ன பயிற்சி என்று சனிக்கிழமைதோறும் காலையில் பையை எடுத்துக்கொண்டு போனாளே, அதுதான். என்ன பயிற்சி என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. என் விஷயம் எப்போது தெரியும் என்று கேட்டேன். கல்யாணமான முதல் மாதமே என் அக்கா சொல்லிவிட்டாளாம். ஏழு வயதில் பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டிக்குள் விழுந்து, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டே தெரு முழுவதையும் கூப்பிட்டேனே, அந்தக் கதை. இந்த ஓட்டலையும் குளத்தையும் அவளுக்குச் சொன்னதே கப்பல்காரர்தான். அறைக்குச் சொல்லி வைத்து இரண்டு மாதம் ஆகிறது. நான் எப்படியும் அவரிடம் வந்து நிற்பேன், வந்தால் முதலில் லிப்டைச் சரிசெய்யச் சொல்லுங்கள் என்று அவள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். வெள்ளை மணலுக்குச் சரி என்றதே என்னை அவரிடம் துரத்தத்தான்.

"நேராவே கேட்டிருக்கலாமே," என்றேன்.

"கேட்டா வந்திருப்பீங்களா? எனக்குக் கடல்னா எவ்வளவு ஆசை தெரியுமா? நீங்க சங்கடப்படுவீங்கன்னு இருபது வருஷமா நானும் போகல."

இதை அவள் கோபமில்லாமல் சொன்னாள். கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் ஏதாவது பதில் பேசியிருப்பேன். செருப்பைக் கழற்றிவிட்டுப் படியில் இறங்கினேன். தண்ணீர் தொடை வரை வந்தது. எனக்குத் தொண்டை வரை வந்தமாதிரி இருந்தது. கம்பியைப் பிடித்தபடி நின்றேன். பக்கத்தில் நின்ற எட்டு வயதுக்காரி, முதலில் அப்படித்தான் இருக்கும், போகப் போகப் பழகிவிடும் என்று எனக்கு ஆறுதல் சொன்னாள். அவள் இறங்கிப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

முதல் நாள் முகத்தைத் தண்ணீரில் வைக்கக் கற்றுக்கொண்டேன். மூக்கில் ஏறின உப்பு இரவுச் சாப்பாடு வரைக்கும் இறங்கவில்லை. இரண்டாம் நாள் காலை வகுப்பு முடிந்து பிள்ளைகள் போன பிறகு, என் மனைவி என்னை மல்லாந்து படுக்கச் சொன்னாள். முதுகுக்கு அடியில் கை கொடுத்திருக்கிறேன், நீங்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு மூச்சை மட்டும் விடுங்கள் என்றாள். பலகை மாதிரி விறைத்துக்கொண்டு படுத்தேன். உடம்பைத் தளர விடுங்கள் என்றாள். தளர விட்டேன். காதுக்குள் தண்ணீர் போய் உலகமே அமைதியாகிவிட்டது. மேலே ஒரு பறவை போனது. பயம் எங்கே போனது என்று தெரியவில்லை. ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்து அறுபது வரை எண்ணினேன். என் உடம்புக்கு எடையே இல்லை. நானே மிதக்கிறேன். ஐம்பது வயதில், உப்புத் தண்ணீரில், யார் தயவும் இல்லாமல். இனி இவளை எந்தக் கடலுக்கு வேண்டுமானாலும் கூட்டிக்கொண்டு போவேன் என்று தோன்றியது.

"எப்ப கையை எடுத்தே?" என்று பெருமையோடு கேட்டேன்.

"இன்னும் எடுக்கலீங்க," என்றாள்.