கொத்துரொட்டிக் கடையில் செல்யூக் பேரரசு

இவ்வுலகில் நடந்தவை, நடப்பவை, இனி நடக்கவிருப்பவை ஆகிய அனைத்தும் செல்யூக் பேரரசில் ஏற்கெனவே ஒருமுறை நடந்து முடிந்தவையே என்று ஐயந்திரிபற நிறுவக்கூடிய மனிதர் பாரிசில் ஒருவரே இருந்தார். அவர் லா சப்பலில் தொலைபேசி அட்டை விற்கும் கடையொன்றை நடத்தினார். கடை என்று சொல்வது என் மரியாதை. இரண்டு கட்டடங்களுக்கு நடுவே எவரோ மறந்துவிட்ட இடைவெளிக்கு ஒரு கதவு பொருத்தியிருந்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்க வேண்டும். தெரு அவரைச் ‘செல்யூக்கர்’ என்றே அழைத்தது.

செல்யூக்கியர் யாரென்று அறியாதவர்கள் வருந்த வேண்டியதில்லை. அவரைச் சந்திக்கும்வரை நானும் அறியேன். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மத்திய ஆசியப் புல்வெளிகளிலிருந்து ஆட்டு மந்தைகளோடு இறங்கிவந்த துருக்கியக் குடியினர் அவர்கள். பாரசீகத்தை வென்றார்கள், பக்தாதுக்குள் நுழைந்தார்கள், வென்ற கையோடு தோற்றவர்களின் பாரசீக மொழியிலேயே அரசாணை எழுதத் தொடங்கினார்கள்.

“பாத்தீரோ தம்பி, வெண்டவனே மற்றவன்ரை பாஷையைப் படிச்சிருக்கிறான். நாங்கள் பிரெஞ்சு படிக்கப் பஞ்சிப்படுறம்” என்பார் செல்யூக்கர்.

அவர் பிரெஞ்சு படித்த விதம் தனிவிதம். வதிவிட அனுமதிக்காகப் பொபினி அரசு அலுவலகத்தில் காத்திருந்த ஒரு நாள், பக்கத்து இருக்கையில் எவரோ விட்டுச்சென்ற தடித்த நூலொன்று அவர் கைக்கு வந்தது. அது செல்யூக்கியர் வரலாறு. பிரெஞ்சு மொழி முழுவதும் அதற்குள் அடங்கியிருக்கும் என்று நம்பி, அகராதியின் துணைகொண்டு அதை மட்டுமே கற்றார். விளைவாக, அவர் அறிந்த பிரெஞ்சு முழுவதும் முற்றுகையும் சரணாகதியும் கப்பமுமாகவே அமைந்தது. வெதுப்பகத்தில் நின்று, “இரண்டு பாண்களை நிபந்தனையின்றி என்னிடம் ஒப்படையுங்கள்” என்று பொருள்படும் பிரெஞ்சில் அவர் கேட்டதை நான் காதாரக் கேட்டிருக்கிறேன். கடைக்கார அம்மணி ஒப்படைத்தார். உயிர்ச்சேதம் எதுவுமில்லை.

நான் அத்தெருவிலுள்ள அச்சகத்தில் பிழை திருத்துபவனாகச் சேர்ந்தது 2009ஆம் ஆண்டின் இறுதியில். அந்நாட்களில் லா சப்பலில் இருவர் கூடி ஊரைப்பற்றி வாய்திறந்தால், சிறிது நேரத்தில் ஒருவர் அழுவார்; அல்லது இருவரும் சட்டையைப் பிடித்துக்கொள்வார்கள். எவரையும் புண்படுத்தாத போர் ஒன்றைக் கைவசம் வைத்திருந்தவர் செல்யூக்கர் மட்டுமே.

“சுல்தான் சன்ஜாருக்கு இஞ்சை ஒருத்தரும் சொந்தக்காரர் இல்லை. ஆற அமர இருந்து கதைக்கலாம்” என்பார்.

ஆற அமரக் கதைத்தார். வில்லியே லே பெல்லிலிருந்து வரும் ஒருவர், ரயில் நடுவழியில் நின்றுவிட்டது என்று புலம்பிக்கொண்டு வந்தால் போதும். “சன்ஜாரை அவரின்ரை குடிசனமே பிடிச்சு வருசக்கணக்காய் வைச்சிருந்தது. பகலிலை சிம்மாசனம், இரவிலை கூண்டு. உமக்கு ரயிலிலை இருக்க இடம் கிடைச்சதெல்லே?” கிடைத்தது என்று அவர் ஒப்புக்கொள்வார். “அப்ப உமக்கு என்ன குறை?”

செல்யூக்கரின் கடையை ஒட்டி வசந்தி அக்காவின் உணவகம் இருந்தது. கணவரை இழந்த பின் தனித்து நின்று அதை வளர்த்தவர் அவர். அங்கே சூசை என்ற மன்னார்க்காரர் கொத்துரொட்டி போடுவார். சூடேறிய இரும்புத் தட்டில் இரண்டு தகடுகளால் அவர் ரொட்டியைக் கொத்தும் ஓசை, தெருக்கோடியில் நடப்பவருக்கும் பசியெடுக்கச் செய்யும்.

ஒருமுறை வசந்தி அக்கா, தமையன் மகளின் திருமணத்துக்காக ஒரு மாதம் கனடா செல்ல நேர்ந்தது. மகள் அபிரா பல்கலைக்கழகத்தில் பயின்றுகொண்டிருந்தாள், தேர்வு நெருங்கியிருந்தது. வசந்தி அக்கா செல்யூக்கரிடம் வந்தார்.

“நான் வருமட்டும் கடையையும் பிள்ளையையும் நீங்கள்தான் பாக்கோணும்.”

செல்யூக்கரின் முகம் வெளிறியது. “ஏலாது” என்றார்.

“ஏன் ஏலாது?”

“சரித்திரம் இடங்குடுக்காது.”

“சரித்திரத்தை நான் வந்து சமாளிக்கிறன்” என்று சாவியை மேசைமீது வைத்துவிட்டுப் போனார் வசந்தி அக்கா.

அன்று மாலை செல்யூக்கர் அச்சகத்துக்கு ஓடிவந்தார். “தம்பி, அத்தாபேக் எண்டால் ஆரெண்டு தெரியுமோ?”

தெரியாது என்றேன். தெரியும் என்றாலும் சொல்லியிருப்பார்.

“செல்யூக்கிலை இளவரசன் சின்னப்பிள்ளையெண்டால் அவனுக்கு ஒரு பாதுகாவலனை வைப்பினம். அவன்தான் அத்தாபேக். ராசா செத்தாப்பிறகு அத்தாபேக் ராசாத்தியைக் கலியாணம் கட்டுவான். கொஞ்ச நாளாலை நாடும் அவனுக்கு. எல்லாரும் நல்லவங்களாய்த்தான் துவங்கினவங்கள், தம்பி.”

“அதற்கும் உங்களுக்கும் என்ன தொடர்பு?”

செல்யூக்கர் தரையைப் பார்த்தார். “எனக்கு வசந்தியிலை விருப்பம்.”

இச்செய்தியைத் தெருவில் அறியாதவர் எவருமில்லை. இரகசியம் என்று நம்பிக்கொண்டிருந்தவர் அவர் ஒருவரே. ஆகவே நான் வியப்படைந்ததாகக் காட்டிக்கொண்டேன்.

“இப்ப போய்க் கேட்டால், கடைக்காகத்தான் கட்டுறான் எண்டு சனம் சொல்லும். பிழையில்லை, சரித்திரமும் அப்பிடித்தான் சொல்லுது. ஒரு மாதம் கடையைக் குறையில்லாமல் பாத்து, சாவியைக் குடுத்துப்போட்டுக் கேப்பன். குறை வந்தால் கேக்கவே மாட்டன்.”

மறுநாள் ஆட்சி தொடங்கியது. கடையைக் குறையின்றிக் காப்பதற்குச் செல்யூக்கர் அறிந்த வழி ஒன்றே: கடையைப் பேரரசாக்குவது. சுல்தானின் வாயிலில் நாளொன்றுக்கு ஐந்து வேளை முரசறைவார்களாம். சிற்றரசர்களுக்கு மூன்று வேளைதான் உரிமையாம். வசந்தி அக்காவின் கடையில் முரசுக்கு எங்கே போவது? செல்யூக்கரின் பார்வை சூசையின் தகடுகள்மீது விழுந்தது. அன்றுமுதல் நாளுக்கு ஐந்து வேளை மட்டுமே கொத்துப் போடப்படும் என்று ஆணை பிறந்தது.

“அண்ணை, கொத்தெண்டால் சனம் கேக்கேக்கை போடுறது. பூசை நேரம் பாத்துப் போட ஏலுமோ?” என்றார் சூசை.

“நேரங்காலமில்லாமல் அடிச்சால் அது ராசமுரசோ, பறைதட்டோ?”

“அது கொத்து, அண்ணை.”

ஓல்னேயிலிருந்து குடும்பத்தோடு வந்த ஒருவர் ஆட்டிறைச்சிக் கொத்துக் கேட்டார். “அடுத்த முரசு ஆறு மணிக்கு” என்றார் செல்யூக்கர்.

“முரசு வேண்டாம், எனக்குக் கொத்து மட்டும் காணும்.”

“ரெண்டும் ஒண்டுதான்.”

வந்தவர் தன் மனைவியைப் பார்த்தார். மனைவி எதிர்க்கடையைப் பார்த்தார். அந்தக் கடையில் தகடுகள் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தன. குடும்பம் தெருவைக் கடந்தது. அவர்களுக்குப் பின்னால் மற்றவர்களும் கடந்தார்கள்.

இதைச் செல்யூக்கர் வியாபார இழப்பாகக் கருதவில்லை. மாகாணக் கிளர்ச்சியாகக் கருதினார். நேரே எதிர்க்கடைக்குச் சென்று, உரிமையாளரிடம் விரலை நீட்டினார். “உங்களுக்கு மூண்டு தரம் அடிக்கத்தான் உரிமை இருக்கு!”

உரிமையாளர் அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். “அண்ணை, முதல்லை இருங்கோ. தண்ணி குடிக்கிறியளோ? மருந்து ஏதும் எடுக்கிறனீங்களோ?”

மூன்றாம் வாரத்தில் வசந்தி அக்காவின் உணவகத்தில் மேசைகளில் மொய்த்த இலையான்களும் சூசையும் நானுமே எஞ்சியிருந்தோம். ஆணையை விலக்கிக்கொள்ளுமாறு மன்றாடினேன். “சட்டத்தை மாத்த நான் ஆர்? நான் வெறும் அத்தாபேக்” என்றார். தன் காதலைத் தன் கையாலேயே நாளுக்கு ஐந்து வேளை கொத்திக்கொண்டிருப்பதை அவரும் உணர்ந்தே இருந்தார். ஆயினும் பேரரசை நடத்த வேறு வழி அவர் நூலில் இல்லை.

அந்தச் சனிக்கிழமை பிற்பகல் அபிரா தேர்வை முடித்துவிட்டு வந்தாள். வெறிச்சோடிய மேசைகளையும் எதிர்க்கடை வரிசையையும் மாறிமாறிப் பார்த்தாள்.

“மாமா, சே பா பொசிப்ல்!” இப்படியும் நடக்குமா என்பதைப் பிரெஞ்சில் கேட்டுவிட்டு, தமிழுக்கு மாறினாள். “அம்மா வந்தா என்னையும் சேத்துக் கொல்லுவா.”

பின்பு நேரே உள்ளே சென்று, சூசையின் கையிலிருந்த தகடுகளைப் பறித்து, ரொட்டியே இல்லாத வெறுந்தட்டில் ஓங்கி அறையத் தொடங்கினாள். கண்ணாடிகள் அதிர்ந்தன. தெரு திரும்பிப் பார்த்தது. முரசுக்கான வேளை அதுவன்று.

செல்யூக்கர் சீறுவார் என்று நான் அஞ்சினேன். அவரோ துள்ளி எழுந்தார். முகம் முழுவதும் ஒளி. “இளவரசி தானே முரசறைஞ்சிட்டா! அவவுக்கு வயசு வந்திட்டுது, தம்பி! இனி அத்தாபேக் தேவையில்லை!” சாவிக்கொத்தை இரு கைகளாலும் ஏந்திச் சென்று அபிராவின் முன் குனிந்து நீட்டினார்.

“பிரீசரிலை ரொட்டி இருக்கோ எண்டு பாருங்கோ, மாமா” என்றாள் புதிய சுல்தான்.

அன்று இரண்டு குடும்பங்கள் தெருவைத் திரும்பக் கடந்தன. மறுநாள் இன்னும் சில. வசந்தி அக்கா விமானமிறங்கியபோது உணவகம் பாதி உயிரோடு இருந்தது. செல்யூக்கரோ தம் இடைவெளிக்குள் சென்று அமர்ந்துகொண்டார்.

“கேட்டீர்களா?” என்றேன்.

“எப்பிடிக் கேக்கிறது? நாட்டைக் குறைச்சுப்போட்டனே.”

அவர் சொல்லி வாய்மூடவில்லை, கதவு திறந்தது. வசந்தி அக்கா. அவரையும் சேர்த்து மூவர் நிற்பதற்கு அங்கே இடமில்லை. நான் அட்டைப் பெட்டியொன்றின்மீது ஏறி நின்றேன்.

“பிள்ளை எல்லாம் சொன்னவள். நீங்கள் சூசை அண்ணைக்குச் சொன்ன உந்த அத்தாபேக் கதையை அவர் எனக்குச் சொன்னவர்.”

செல்யூக்கர் எழுந்து நின்றார்.

“எனக்கு ஒண்டு சொல்லுங்கோ. உங்கடை அத்தாபேக்குமார் கட்டின ராசாத்தியள், அவையிட்டை ஆரும் விருப்பமோ எண்டு கேட்டவையோ?”

ஒரு பேரரசு முழுவதையும் செல்யூக்கர் மனத்துக்குள் புரட்டிக்கொண்டிருந்தது தெரிந்தது.

“புத்தகத்திலை அப்பிடி ஒண்டும் இல்லை.”

“அதுதான் அவங்கள் அழிஞ்சு போனவங்கள்” என்றார் வசந்தி அக்கா. “இஞ்சேருங்கோ, நீங்கள் கேளுங்கோவன்.”

செல்யூக்கர் என்ன கேட்டார், எந்த மொழியில் கேட்டார் என்பதை நான் அறியேன். பெட்டியிலிருந்து ஓசையின்றி இறங்கி வெளியே வந்து கதவைச் சாத்தினேன். தொலைபேசி அட்டை வாங்க வந்த எவரையும் உள்ளே விடாமல் இருட்டும்வரை நடைபாதையில் நின்றேன். சுல்தான் ஒருவருக்கு வாயிற்காவலனாக இருந்தேன் என்று நான் சொல்லிக்கொள்ளக்கூடிய மாலை அது ஒன்றே.