தலைகீழாகப் படித்த வௌவாலும் யோசிக்க ஆரம்பித்த கரடியும்

ஒரு காட்டில் கொசுத் தொல்லை தாங்க முடியாமல் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து ஓர் ஆந்தை கொசு ஒழிப்புக் கம்பெனி ஒன்றைத் தொடங்கியது. வேலைக்கு வௌவால்களை வைத்துக்கொண்டது. வௌவால்களுக்குக் கொசுதான் சம்பளம். வாடிக்கையாளருக்குக் கொசு ஒழியும், வௌவாலுக்கு வயிறு நிறையும், பணம் ஆந்தைக்குப் போகும். இது நமக்குத் தோன்றாமல் போயிற்றே என்று காட்டிலிருந்த நரிகளுக்கெல்லாம் வயிற்றெரிச்சல்.

அந்தக் கம்பெனியில் ஏகாம்பரம் என்றொரு வௌவால் புதிதாகச் சேர்ந்தது. கொசு பிடிப்பதில் சூரன். அதனால் வழக்கம்போல அதை விற்பனைப் பிரிவில் போட்டுவிட்டார்கள். தொங்குவதற்கு ஆலமரத்தில் கம்பெனி கிளை ஒன்று கொடுத்திருந்தார்கள். மனைவி, குழந்தைகள், மாமியார் சகிதம் ஏகாம்பரம் அதில் தொங்கிக்கொண்டிருந்தது. அமாவாசைக்குள் ஓர் ஒப்பந்தமாவது பிடிக்காவிட்டால் கிளையைக் காலி செய்ய வேண்டும் என்று ஆந்தை சொல்லிவிட்டது. மழைக்காலம் வேறு தொடங்கியிருந்தது. மாமியார் ஒன்றும் பேசாமல் மருமகனையே பார்த்துக்கொண்டு தொங்கியது. பேசியிருந்தால்கூடப் பரவாயில்லை.

“கம்பெனின்னா ஒரு ஆள் இல்லடா” என்று ஆந்தை பாடம் நடத்தியது. “எல்லார்கிட்டயும் ஒரே பாட்டைப் பாடாதே. மேல இருக்கறவர்கிட்ட கனவைப் பத்திப் பேசு. நடுவுல இருக்கறவர்கிட்ட எவ்வளவு மிச்சமாகும்னு பேசு. கீழ இருக்கறவருக்கு டீ வாங்கிக் குடு, போதும்.”

ஏகாம்பரம் இதை மனப்பாடம் செய்துகொண்டு, வனதேவி குகைகள் என்ற பெரிய கம்பெனிக்குப் போனது. காட்டிலுள்ள நல்ல குகைகளையெல்லாம் வளைத்துப்போட்டு வாடகைக்கு விடும் கம்பெனி அது. ஜன்னல் வழியாக உள்ளே நுழைந்து வரவேற்பறை உத்தரத்தில் தொங்கியது. எதிர்ச் சுவரில் ஒரு படம் மாட்டியிருந்தார்கள். யாருக்குக் கீழே யார் என்று கோடு போட்டு, வட்டம் வட்டமாகப் பெயர்கள் எழுதிய படம். பதவி எதுவும் எழுதவில்லை. காட்டில் யார் யாரென்று யாருக்குத்தான் தெரியாது?

ஏகாம்பரத்துக்குத் தெரியாது. பிறந்ததிலிருந்து மாந்தோப்பிலேயே வளர்ந்த வௌவால் அது. எழுத்தைக்கூடத் தொங்கியபடியேதான் கற்றுக்கொண்டது. ஆகவே உச்சியில் சோலையப்பன், நடுவில் குஞ்சிதம் அம்மாள், அடியில் ராஜசிம்மன் என்று சந்தேகமில்லாமல் படித்துக்கொண்டது. நடுவில் இருப்பவர்கள் மட்டும் எப்படிப் பார்த்தாலும் நடுவில்தான் இருந்தார்கள்.

சோலையப்பன் என்ற கரடி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, வருகிறவர் போகிறவர் எல்லாரையும் நிறுத்தி “எங்க போறே? எதுக்குப் போறே?” என்று அதட்டிக்கொண்டிருந்தது. முதலாளியைத் தவிர வேறு யார் இப்படிக் கேட்பார்கள்? ஏகாம்பரம் பணிவாக எதிரில் தொங்கியது.

“ஐயா, இன்னும் பத்து வருஷத்துல இந்தக் கம்பெனியை நீங்க எந்த இடத்துல பார்க்கறீங்க?”

கரடி திரும்பிப் பின்னால் பார்த்தது. பின்னால் யாரும் இல்லை. “என்னையா கேக்கறே?”

“உங்களைத்தான் ஐயா. கொசுவே இல்லாத ஒரு காடு. கண்ணை மூடிப் பாருங்க, தெரியுதா?”

கரடி கண்ணை மூடியது. அன்றுவரை அது எதிர்பார்த்ததெல்லாம் ஷிப்ட் மாற்ற வரவேண்டிய காட்டுப்பன்றியை மட்டும்தான். இப்போது மூடிய கண்ணிலிருந்து ஒரு சொட்டு வழிந்தது. “யோசிக்கணும்பா” என்றது. “அடுத்த வாரம் வா.”

ஏகாம்பரத்துக்கு மெய்சிலிர்த்தது. அசல் முதலாளி என்றால் இப்படித்தான் சொல்வார்கள்.

கணக்குப் பிரிவில் குஞ்சிதம் அம்மாள் என்ற முள்ளம்பன்றி உட்கார்ந்திருந்தது. கொசுவத்திச் செலவு மிச்சம் என்று ஏகாம்பரம் எடுத்துச் சொன்னது. “மேல கையெழுத்து ஆகட்டும், எனக்கு ஒண்ணும் ஆட்சேபம் இல்ல” என்றது அம்மாள். மேலே என்றால் கரடி. ஏகாம்பரம் பெருமூச்சு விட்டுக்கொண்டு வெளியே வந்தது.

தாழ்வாரத்தில் யாரோ தரையை உதைத்துக்கொண்டு நின்றார்கள். தலைகீழாகத் தொங்குகிறவர்களுக்கு எதிராளியின் கால்தான் முதலில் கண்ணில் படும். கொசு கடித்து, சொறிந்து, புண்ணாகிப்போன கால்கள்.

“ராஜசிம்மன் அண்ணனா?”

“ஆமா” என்று உறுமியது சிங்கம்.

“அடடா, காலெல்லாம் இப்படி வீங்கிக் கிடக்கே! நாள் பூரா நிக்கணுமோ? ஏதாவது சாப்பிட்டீங்களா அண்ணே?”

கர்ஜிக்க வாயைத் திறந்த சிங்கம் அப்படியே நின்றுவிட்டது. வந்தவர்கள் எல்லாரும் அதன் பிடரியைப் பார்த்துத்தான் நடுங்கியிருக்கிறார்கள். காலை யாரும் பார்த்ததில்லை. சாப்பிட்டாயா என்றும் கேட்டதில்லை. அது சாப்பிடுவதைப் பற்றிப் பேச யாருக்கும் தைரியம் கிடையாது.

“இன்னும் இல்லப்பா.”

“உங்க முதலாளி விடமாட்டான்போல.”

சிங்கம் கொஞ்சம் யோசித்தது. “விடவே மாட்டான்” என்றது.

ஏகாம்பரம் டீ வாங்கிக் கொடுத்தது. சிங்கம் தரையிலேயே உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்தது. “வர்றவன் எல்லாம் கனவு, கனவுன்னே பேசறான். இந்தக் கொசுவுல எனக்குத் தூக்கமே இல்ல. இதுல கனவு எங்கேர்ந்து வரும்?”

“அதுக்குத்தாண்ணே நான் வந்தேன். உங்க முதலாளி இதுல கையெழுத்துப் போட்டுட்டா உங்களுக்கும் விடிவுகாலம்.”

“கொண்டா, நானே போடறேன்.”

பாவம், ஏதோ ஆசைப்படுகிறார் என்று ஏகாம்பரம் ஒப்பந்தத்தை நீட்டியது. சிங்கம் அதில் பாதத்தைப் பதித்துக் கொடுத்தது.

ஆந்தை அதைப் பார்த்ததும் கழுத்தை முழுச் சுற்று சுற்றியது. “டேய், இது யார் கைன்னு தெரியுமா?”

“வாட்ச்மேன் சார். முதலாளி இன்னும் யோசிச்சுக்கிட்டுதான் இருக்காரு.”

ஆந்தை படத்தை எந்தப் பக்கமிருந்து பார்க்கவேண்டும் என்று விளக்கியது. ஏகாம்பரத்துக்குக் கால் பிடி நழுவிவிட்டது. யாரிடம் போய் எதைச் சொல்லித் தொலைத்தோம் என்று நினைத்து நினைத்து அன்று முழுவதும் புலம்பியது.

“சரி, ஆர்டர் ஆர்டர்தான்” என்றது ஆந்தை. “நாளைக்கே ஆட்களைக் கூட்டிக்கிட்டுப் போ. பறந்து உள்ள போயிடாதே. வாசல் கேட்டுல அந்தக் கரடி சீல் குத்தலேன்னா முள்ளம்பன்றி பில்லைத் தொடாது. பில் வரலேன்னா உன் கணக்குல ஒப்பந்தமே இல்ல.”

மறுநாள் சாயங்காலம் ஏகாம்பரம் வௌவால் கூட்டத்தோடு வாசலுக்குப் போனது. அங்கே வரிசை தூரத்துப் பாம்புப் புற்று வரைக்கும் நீண்டிருந்தது. வாடகை கட்ட வந்த மான்கள், சாவி வாங்க வந்த முயல்கள் எல்லாரையும் “யோசிக்கணும்” என்று சொல்லிக் கரடி வெளியே நிறுத்தி வைத்திருந்தது. ஏகாம்பரம் இந்த முறை தவறு செய்யவில்லை. கரடி யாரென்று இப்போது தெரியுமே. நேராக டீ கிளாஸை நீட்டியது.

“அண்ணே, சூடா குடிங்க. அப்படியே ஒரு சீல் போட்டு விடுங்க.”

கரடி கிளாஸைப் பார்த்தது. முகம் வாடிவிட்டது. “அன்னைக்குப் பத்து வருஷத்தைப் பத்திப் பேசினவன், இன்னைக்கு டீயைப் பத்திப் பேசறே. என்னை யாருன்னு நினைச்சே?”

“அது வந்து…”

“உங்க திட்டம் பரிசீலனைல இருக்கு. போய் வரிசைல நில்லு.”

ஏகாம்பரம் ஜன்னல் வழியாகச் சிங்கத்திடம் பறந்தது. சிங்கம் அதைப் பார்த்ததும் ஆசையாக எழுந்து உட்கார்ந்தது.

“மாட்சிமை பொருந்திய எம்.டி. அவர்களுக்கு…”

“ஏம்ப்பா, அண்ணேன்னு கூப்பிட மாட்டியா?” என்று கேட்டது சிங்கம்.

ஏகாம்பரம் எவ்வளவோ முயன்று பார்த்தது. அந்தச் சொல் வாயில் வரவே இல்லை. சிங்கத்தின் முகம் சுருங்கிப்போயிற்று. அது எழுந்து, வாசலுக்கு நடந்து, கேட்டைத் தாண்டி வெளியே வந்து நின்றது.

“சோலையப்பா, கேட்டைத் திறந்து இவங்களை உள்ள விடு.”

கரடி மரியாதையாக எழுந்து நின்றது. “விடறேன் ஐயா. இன்னும் பத்து வருஷத்துல இந்தக் கம்பெனியை நீங்க எந்த இடத்துல பார்க்கறீங்க?”

சிங்கம் வாயைத் திறந்தது, மூடியது. இன்றைய சாப்பாட்டையும் இன்றைய தூக்கத்தையும் தாண்டி அது எதையும் நினைத்துப் பார்த்ததில்லை.

“அவசரமே இல்ல. யோசிச்சுட்டு வாங்க ஐயா” என்று சொல்லிவிட்டுக் கரடி கேட்டை உள்பக்கமாகத் தாழிட்டது.

அமாவாசை வந்தது. கிளை போயிற்று. ஏகாம்பரம் குடும்பத்தோடு அந்த வாசலுக்கு வெளியே நின்ற வேப்பமரத்தில் வந்து தொங்கியது. மரத்தடியில் சிங்கம் படுத்திருந்தது. ஒப்பந்தம் இல்லை, சீல் இல்லை, பில் இல்லை. பசித்தது, அதனால் வௌவால்கள் சிங்கத்தைச் சுற்றியிருந்த கொசுவையெல்லாம் தின்றன. மாமியார்தான் அதிகம் தின்றது. சிங்கம் பல வருடங்களுக்குப் பிறகு குறட்டை விட்டுத் தூங்கியது.

உள்ளே கரடி, உடம்பெல்லாம் சொறிந்துகொண்டு, கொசு இல்லாத காட்டைப் பற்றி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறது.

நீதி: முதலாளியைக் காவலாளி என்று நினைத்துப் பேசினால் கையெழுத்து கிடைக்கும். காவலாளியை முதலாளி என்று நினைத்து மட்டும் பேசிவிடாதீர்கள். அவரும் முடிவெடுக்காமல் இருக்கக் கற்றுக்கொண்டுவிடுவார்.