சாமிக்கு நேர்ந்த கழுத்துப்பலகை

மதிப்புக்குரிய மைத்துனர் கெங் ஷௌயீ அவர்களுக்கு, காகிதக்கடை பாங் தெஷூன் கைகூப்பி எழுதிக்கொண்டது. தங்கள் தாயாரின் முழங்காலும் தங்கள் பட்டுப்புழுக்களும் சுகமென்று நம்புகிறேன். நானும் சுகம், சிறையில் இருக்கிறேன் என்பதைத் தவிர.

தங்கள் தங்கை நாற்பது நாள் காய்ச்சலில் கிடந்ததும் வைத்தியர் கைவிரித்ததும் தாங்கள் அறிந்ததே. அன்று நகரக் காவல் சாமியின் காலில் விழுந்து, 'இவள் எழுந்து ஒரு கிண்ணம் கஞ்சி குடித்தால், திருவிழாவில், குற்றவாளிகளுக்குப் பூட்டுவதுபோலக் கழுத்துப்பலகை மாட்டி, கைதி வேஷத்தில் உன் பின்னால் வருகிறேன்' என்று நேர்ந்துகொண்டேன். மூன்றாம் நாள் குடித்தாள். நாலாம் நாள், கஞ்சியில் உப்பில்லை என்று என்னைத் திட்டினாள். சாமி சொன்னதைச் செய்துவிட்டார், நான் ஏமாற்றலாமா? மற்றவர்கள் பலகையைக் காகிதத்தில் ஏனோதானோவென்று ஒட்டி மாட்டிக்கொள்வார்கள். சாவு வீடுகளில் எரிப்பதற்குக் காகிதக் குதிரையும் காகித மாளிகையும் செய்தே இருபது வருஷம் ஓட்டியவன் நான் அப்படிச் செய்வேனா? மர ரேகை தீட்டினேன், ஆணித் துரு வைத்தேன், மூலையில் கரையான் அரித்த ஓட்டைகூடப் போட்டேன். கோயில் எழுத்தர் அதன்மேல் சாமியின் முத்திரைச் சீட்டை ஒட்டினார். ஊர்வலம் முடிந்ததும் சன்னதியில் அவரே கிழித்தால்தான் நேர்த்திக்கடன் தீரும். நடுவில் வேறு யார் கிழித்தாலும் போன நோய் திரும்பி வரும்.

அங்கேதான் மச்சான் வினையே வந்தது. அன்று காலை கோழித் திருடன் ஒருத்தன் அசல் பலகையோடு சிறையிலிருந்து தப்பி எங்கள் ஊர்வலத்துக்குள் புகுந்துவிட்டான். கைதி வேஷத்தில் முந்நூறு பேர் போகிறோம், எவனைப் பிடிப்பது? தலைமைச் சேவகன் மா ஒவ்வொரு கழுத்தாகப் பார்த்துக்கொண்டே வந்து என்னிடம் நின்றான்.

"இதாண்டா அசல் மரம்! கரையான்கூட அரிச்சிருக்கு பாரு!"

"ஐயா, இது காகிதம்யா, நான் செஞ்சது!"

கூட வந்தவன் தூக்கிப் பார்த்து, "லேசாத்தான் அண்ணே இருக்கு" என்றான்.

"கரையான் தின்னா லேசாத்தான்டா இருக்கும். ஏய், காகிதம்னா கிழிச்சுக் காட்டு, விட்டுடறேன்."

ஒரு விரலை விட்டால் கிழிந்துவிடும். ஆனால் உங்கள் தங்கை? முத்திரைச் சீட்டை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டேன். "பாத்தியா, முழிக்கிறான்!" என்று இழுத்து வந்துவிட்டான். ஊர்வலத்தோடு சன்னதிவரை போன அந்தக் கோழித் திருடனுக்கோ, நேர்ந்துகொண்டவன் என்று நினைத்துக் கோயில் எழுத்தர் சம்மட்டி வரவழைத்துப் பலகையை உடைத்து, 'உன் பாவமெல்லாம் தீர்ந்தது' என்று ஆசீர்வதித்து அனுப்பினாராம்.

சிறை எழுத்தர் தூ படிக்கத் தெரிந்தவர். முத்திரையைப் பார்த்ததும், "ஐயையோ, இது சாமி முத்திரையாச்சே!" என்றார். பிழைத்தோம் என்று நினைத்தேன். "சாமியும் நம்ம மாவட்ட அதிகாரியும் ஒரே பதவிய்யா. அவர் முத்திரை போட்ட ஆள நாங்க எப்படி விடறது? எழுதித்தான் கேக்கணும்" என்றார். மனு எழுதி, சாமிக்குப் போய்ச் சேரட்டும் என்று கோயிலில் எரித்து, மூன்று நாளாகச் சாமியின் பதிலுக்குக் காத்திருக்கிறார்கள். இங்கே கூரை ஒழுகுது மச்சான்! பலகையில ஒரு மூலை ஊறிப்போச்சு. கோயில் எழுத்தரைக் கையோடு கூட்டிக்கிட்டு ஓடி வாங்க, அவர் இங்கேயே கிழிக்கட்டும். எனக்காக இல்லை. அவள் இன்னொரு தடவை படுத்தால் நான் தாங்கமாட்டேன். பக்கத்து ஊருக்குக் காகிதக் குதிரை கொடுக்கப் போயிருப்பதாக அவளுக்குச் சொல்லியனுப்பியிருக்கிறேன்; காட்டிக்கொடுத்துவிடாதீர்கள்.

தங்கள் பட்டுக்கூடுகள் வாத்து முட்டை அளவு பருக்கட்டும். தங்கள் தாயாருக்கு, இந்தப் பலகை இடம் கொடுக்கும் அளவுக்குக் குனிந்து வணங்குகிறேன்.

தெஷூன்

பின்குறிப்பு: நேற்றுக் கடிதத்தை ஒட்டுவதற்குள் தங்கள் தங்கை வந்துவிட்டாள்.

"குதிரை கொடுக்கப் போனவரு இங்கதான் குந்தியிருக்கீங்களாக்கும்! கழுத்துல என்ன குப்பை?"

"தொடாதே! உன் உயிரு இதுலதான் இருக்கு!"

"என் உயிரு ஒழுகுற கூரைக்கடியில நனைஞ்சுகிட்டு உக்காந்திருக்கு!" என்று சொல்லி, இரண்டு கையாலும் பற்றி, முத்திரையோடு சேர்த்து டர்ரென்று கிழித்துவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "அட, காகிதம்!" என்றான் மா. என்னை அப்போதே விட்டுவிட்டார்கள். சாமி முத்திரையைக் கிழித்த குற்றத்துக்கு அவளை உள்ளே வைத்துவிட்டார்கள். தூ சாமிக்கு இன்னொரு மனு எழுதிக்கொண்டிருக்கிறார்.

ஆகவே கோயில் எழுத்தர் வேண்டாம், தாங்கள் மட்டும் வந்தால் போதும். நோய் திரும்பவில்லை, கவலை வேண்டாம். சிறைக் கஞ்சியில் உப்பில்லை என்று காலையிலேயே ஆரம்பித்துவிட்டாளாம். அவளைச் சமாதானப்படுத்தத் தங்களைச் சீக்கிரம் வரச்சொல்லி மா என் வீட்டு வாசலில் வந்து நிற்கிறான்.