புகைக்குழாய் போன வழி

லண்டனின் பார்க்கிங் பகுதியில் வரிசை வீடு ஒன்றில் குடியிருந்த தில்லையம்பலம், தொண்ணூற்றோராம் ஆண்டுக் குளிரில் ஒரு பெரிய முடிவுக்கு வந்தார். முன்னறையில் விறகு அடுப்பு வைத்தே தீருவது! யாரோ கழித்துவிட்ட இரும்பு அடுப்பு ஒன்றை, நண்பர் கிறிஸ்துநாயகத்தின் வான் வண்டியில் ஏற்றிவந்து இறக்கியும்விட்டார். இனிப் புகைக்குழாய்தான் பாக்கி. வீட்டின் பழைய புகைக்கூண்டை முன்பிருந்தவர்கள் இடித்து மூடிவிட்டார்கள்.

ஊரில் சீமெந்துத் தொழிற்சாலையில் வரைபடம் கீறியவர் அவர். லண்டனில் பெற்றோல் ஷெட் கண்ணாடிக்குப் பின்னால் இருந்து சில்லறை கொடுக்கிறார். பென்சிலைக் கையில் எடுத்ததும் முதுகு தானாக நிமிர்ந்தது. சாப்பாட்டு மேசை முழுக்கக் கடதாசி. கறிச்சட்டி நிலத்துக்கு இறங்கியது.

மனைவி சிவகௌரி எட்டிப் பார்த்தாள்.

"வடிவாக் கீறியிருக்கிறீங்கள். இது எங்கை போகுது?"

"முன் சுவருக்குள்ளாலை றோட்டுப் பக்கம்."

"அப்ப தபால்காரன் இருமி இருமித்தான் கடிதம் போடுவான்."

அழித்தார். குழாயைக் குசினி வழியாகப் பின்பக்கம் திருப்பினார்.

"பக்கத்து வீட்டு டொரீன் உடுப்புக் காயப்போடுற இடமெல்லோ? நான் மீன் பொரிச்சாலே மனுசி ஜன்னலைச் சாத்துது."

"அது மட்டுமில்லை, மூண்டு வளைவு வருது. புகை வளைஞ்சு போகாது, கௌரி. நேர ஏறோணும்."

"ஓம், வளையிறது மனுசர்தானே." அவள் தலையைச் சாய்த்து யோசித்தாள். "நேர மேலே விட்டால்?"

தில்லையம்பலத்தின் பென்சில் நின்றது. நேர மேலே இருந்தது அவருடைய சின்னறை. ஒருநாள் திருத்துவேன் என்று சேர்த்த ரேடியோக்களும் ரீவிக்களும் கூரை முட்ட நின்றன. அதற்குள் அவரே பக்கவாட்டில்தான் நுழைவார்.

"உங்கடை சாமான் இருக்கெண்டால் வேண்டாம்," என்றாள் சிவகௌரி. "வளைவு வைச்சே செய்வம். வீட்டுக்குள்ளை கொஞ்சம் புகைச்சல் வரும். பரவாயில்லை, பழகினதுதானே."

படவரைஞருக்கு ரோசம் வந்தது. "வளைவு வைச்சால் அது குழாயே இல்லை!"

அடுத்த லீவு நாள் முழுக்கச் சாமான் இறக்கினார். பாதி தோட்டத்துக் கொட்டிலுக்குப் போனது, பாதி குப்பைக்கு. கடைசிப் பெட்டியை நகர்த்தியபோது பின்னால் ஒரு ஜன்னல் இருந்தது. அப்படி ஒன்று இருப்பதையே அவர் மறந்துபோயிருந்தார். வெறும் தரையில் உட்கார்ந்து அந்த வெளிச்சத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருசம் எதை மூடி வைத்திருந்தோம் என்று மனம் கேட்டது.

"இஞ்சேருங்கோ," கீழிருந்து சிவகௌரி கூப்பிட்டாள். "ஓட்டை போட முன்னம் கவுன்சிலையும் ஒருக்கால் கேளுங்கோ."

மறுநாள் வேலைக்குப் போகிற வழியில் நகரசபைக் கந்தோரில் கேட்டார். கவுண்டரில் இருந்த பெண் வலு மரியாதையாகச் சொன்னாள்: இது புகை விடக்கூடாத பகுதி. அந்த மாதிரிப் பழைய அடுப்பில் விறகு எரிக்க ஏலாது. குழாய் எந்த வழியால் போனாலும் ஏலாது.

பின்னேரம் வீடு வந்தவர் மாடியில் சத்தம் கேட்டு ஏறிப்போனார். சின்னறை ஜன்னலடியில் தையல் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. ஊசியில் ஒரு பச்சைச் சட்டை. பக்கத்தில் கொடி கட்டி, தைத்து முடித்தவை வரிசையாகத் தொங்கின.

"கவுன்சில் விடாது எண்டு உமக்கு முதலே தெரியுமோ?"

"தெரியும். என்னட்டைச் சட்டை தைப்பிக்க வாற மரியநாயகி அக்கா கவுன்சிலிலைதானே வேலை."

"அப்ப ஏன் சொல்லேல்லை?"

அவள் மெஷினை நிறுத்தினாள். "நாலு வருசமா இந்த அறையைக் கேட்டனான். படிக்குக் கீழை, இருட்டுக்குள்ளை கூனிக்கொண்டு தைச்சனான். நீங்கள் நாளைக்கு, நாளைக்கு எண்டீங்கள்."

கோபப்பட அவர் வாயைத் திறந்தார். ஜன்னல் வெளிச்சம் அவள் கையில் விழுந்திருந்தது. ஊசி ஏறிய விரல் நுனிகள் தெரிந்தன. அவற்றையும் அவர் இன்றுதான் பார்த்தார். கோபம் எங்கோ ஒழுகிப் போய்விட்டது. தொங்கிய சட்டையொன்றின் கையை நீவிவிட்டார்.

"சரி," என்றார் மெதுவாக. "அந்த இரும்பு அடுப்பை இனி என்ன செய்யிறது?"

"கென்ற் பக்கம் தோட்டம் வைச்சிருக்கிற ஆரோ கேட்டவையாம். கிறிஸ்துநாயகம் அண்ணை ஏத்தக் கீழை வானோடை நிக்கிறார்."

"அவருக்கு எப்ப சொன்னனீர்?"

"நீங்கள் அதை இறக்கின நாளிலையே."